தொட்டிக்கடியில் இருந்த சாவி

எங்கள் வீட்டு வாசற்படிக்கு இடப்புறம் ஒரு செம்பருத்தித் தொட்டி உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதன் அடியில் ஒரு சாவி கிடந்தது. மறைத்து வைத்திருப்பதாகவே நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஆனால், பால் போடுகிறவர் முதல் பழைய செய்தித்தாள் கேட்டு வரும் பங்கு இளைஞர்கள் வரை, அந்தச் சாவியை அறியாதவர் எங்கள் தெருவில் எவருமில்லை. ஒருமுறை ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், நாங்கள் ஞாயிறு திருப்பலிக்குச் சென்றிருந்த வேளையில் தொட்டியைச் சாய்த்துச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, காப்பியும் போட்டுக் குடித்துவிட்டு, எங்களுக்காக ஊஞ்சலில் ஆடியபடி காத்திருந்தார். வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்று அவரே வரவேற்றபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சாவி இப்போது அங்கே இல்லை. அது அகன்ற கதை அவ்வளவு சிரிப்புக்குரியதன்று.

நாங்கள் வாழ்வது திண்டுக்கல்லில். பூட்டைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்ற செருக்கு இவ்வூர்க்காரர்களுக்கு உண்டு. இங்கே பூட்டு என்பது கடைச் சரக்கு மட்டுமன்று. நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் இராவி இராவிக் கையாலேயே பூட்டுச் செய்த குடும்பங்கள் பல. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்புந்தோறும் மணி ஒலிக்கும் மணிப் பூட்டும் இவ்வூரின் பெயரை வெகுதொலைவுக்குக் கொண்டு சென்றன. உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் நெம்புத் தகடுகள், அதாவது லீவர்கள், ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்குச் சரியாக எழும்பினால்தான் நாக்கு நகரும். ஒரு தகடு மயிரிழை தவறினாலும் திறக்காது. அலிகாரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்தபின் பட்டறைகள் குறைந்துவிட்டன. 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், ஆயினும் அரம் பிடித்த கைகள் பல அதற்கு முன்பே வேறு தொழிலுக்குப் போய்விட்டிருந்தன.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, சாவியே வேண்டாத மின்னணுப் பூட்டு ஒன்றை வாங்கிக் கதவில் பொருத்தியிருக்கிறோம் என்று சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டுமானால், 2016ஆம் ஆண்டில் காணாமற்போன ஒரு மோதிரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கவும், எங்களோடு வாழும் அத்தைக்குத் துணையாக இருக்கவும் ஓர் அம்மையார் வருகிறார். வயதில் எங்களுக்கு மூத்தவராதலால் அவரை அக்கா என்றே அழைக்கிறோம். நாங்கள் இருவரும் அந்நாளில் பணிக்குச் சென்றுகொண்டிருந்தோம். அக்கா தமக்கு வசதிப்பட்ட நேரத்தில் வந்து, தொட்டிச் சாவியால் கதவைத் திறந்து, வேலையை முடித்துவிட்டுச் செல்வார். அத்தை அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற மிடுக்கோடு, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அடுத்த தெருவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். இந்த நிலையில் வீட்டில் ஒரு மோதிரம் காணாமற்போயிற்று. திருமண நாளன்று கோவிலில் மந்திரித்து அணிவித்த மோதிரம். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்கினோம். யோசித்ததுதான் தவறு.

நாங்கள் யாரையும் குற்றம் சாட்டவில்லை. காவல் நிலையத்துக்கும் போகவில்லை. கதவின் பூட்டை மட்டும் மாற்றினோம். இழுத்துச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் வில்பூட்டு அது. சாவிகள் மூன்று வந்தன. எங்களுக்கு இரண்டு, அத்தைக்கு ஒன்று. தொட்டிக்கடியில் ஒன்றும் வைக்கவில்லை. மறுநாள் காலை அக்கா வந்து தொட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்ததைச் சன்னல் வழியே கண்டோம். "பூட்டுப் பழுதாகிவிட்டது அக்கா, இனி நாங்கள் இருக்கும்போது வந்துவிடுங்கள்" என்றோம். "சரிங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றுமுதல் விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும், எங்கள் நேரத்துக்குத் தம் நேரத்தை வளைத்துக்கொண்டு வரலானார்.

நான்கு மாதம் கழித்துக் கோடைக்கானலுக்குப் போகப் பெட்டியைத் திறந்தபோது, முந்திய முறை அங்கே அணிந்த கம்பளிச் சட்டையின் பையில் மோதிரம் இருந்தது. குளிரில் விரல் சுருங்கி மோதிரம் தளர்ந்ததால் கழற்றிப் பையில் போட்டது நினைவுக்கு வந்தது. மகிழ்ந்தோம். மீண்டும் அணிந்துகொண்டோம். ஆனால் தொட்டிக்கடியில் சாவியைத் திரும்ப வைக்கவில்லை. வைத்தால் ஏன் எடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்குமே!

இனி 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்துக்கு வருவோம். நெருங்கிய உறவில் ஒரு திருமணத்துக்காகத் திருச்சி சென்றிருந்தோம். அத்தைக்கு அப்போது வயது 78. பயணம் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டிலேயே தங்கிவிட்டார். காலையில் எழுந்து உள்தாழ்ப்பாளை நீக்கி, வெளியே கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறார். வில்பூட்டுத் தன் கடமையைச் செய்தது. அடுப்படிக்குப் போகும் வழியில் கால் தடுக்கி விழுந்தவரால் எழ முடியவில்லை.

ஏழு மணிக்கு அக்கா வந்து கதவைத் தட்டினார். உள்ளிருந்து முனகல் கேட்டது. எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். நாங்கள் திருமண மண்டபத்தில் நின்றோம். வீட்டின் சாவிகள் இரண்டும் எங்கள் கைப்பையில், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. மூன்றாவது சாவி அத்தையின் தலையணைக்கடியில். பக்கத்து வீட்டார் தச்சரைத் தேடிப் போனார்கள். அவர் வேறொரு வேலையில் இருந்தார். அவர் வந்து கதவை நெம்பித் திறக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். நியாயவிலைக் கடை வரிசை, பேத்தியின் பரீட்சை, அன்று மழை வருமா வராதா என எதையாவது. "அவள் பேச்சு நிற்காத வரை எனக்குப் பயம் வரவில்லை" என்று அத்தை பின்னர் மருத்துவமனையில் சொன்னார். இடுப்பு எலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்று கைப்பிடிச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறார்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பூட்டைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. பூட்டின் மறுபக்கத்தில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்தவர்கள் நாங்களே.

சிங்கப்பூரில் பணிபுரியும் மகன், அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இத்தகைய மின்னணுப் பூட்டுகள் பரவலாக இருப்பதைச் சொல்லி, "உடனே மாற்றுங்கள்" என்றான். அதன்பின் சில வாரங்கள் நாங்கள் பூட்டு மாணாக்கர் ஆனோம். கற்றவற்றுள் பயன்படக்கூடியவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம். நம்மில் பலர் வீட்டிலும் தனித்திருக்கும் முதியோர் உண்டல்லவா?

முதல் பாடத்தைக் கடைக்காரரிடமன்று, கதவை உடைத்த தச்சரிடமே கற்றோம். அன்று பூட்டு உடையவில்லை. நிலைக்கால்தான் பிளந்தது. "பூட்டு எவ்வளவு விலையா இருந்தா என்னங்க, நாக்கு போய் உட்கார்ற மரம் உளுத்திருந்தா அவ்வளவுதான்" என்றார். எனவே முதலில் நிலையைச் செப்பனிட்டோம். நாக்கு நுழையும் இடத்தில் கனமான இரும்புத் தகட்டைப் பதித்து, மரத்துக்குள் ஆழ இறங்கும் திருகாணிகளால் முடுக்கினோம். எங்கள் கதவு வேப்பமரக் கதவு. ஐப்பசி மழையில் ஊதிக்கொள்ளும். சாவிப் பூட்டென்றால் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் திருப்பலாம். மின்னணுப் பூட்டிலோ நாக்கை நகர்த்துவது சிறு மோட்டார்; அதற்குத் தோள் இல்லை. கதவு நிலையோடு உரசினால் நாக்குப் பாதியில் நின்றுவிடும். ஆகவே கதவின் விளிம்பையும் இழைத்துச் சரிசெய்தோம். இத்தனைக்கும் பிறகே பூட்டின் விலையைக் கேட்டோம்.

மகனின் விருப்பம், இணையத்தோடு இணைந்த பூட்டு வேண்டும் என்பது. கடல் கடந்து இருந்தபடியே தன் கைப்பேசியில் எங்கள் கதவைத் திறக்கலாமாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தொலைவிலிருந்து அவன் திறக்கக்கூடிய கதவுக்குத் தொலைவிலிருந்தே வேறெவரும் முயலவும் வழி உண்டு என்ற எண்ணம் எங்களை உறுத்தியது. பூட்டுச் செய்தோரின் தன்னம்பிக்கையைப் பற்றிப் பழைய வரலாறு ஒன்று உண்டு. இலண்டன் மாநகரில் பிராமா என்ற பூட்டுக் கலைஞரின் கடைச் சன்னலில் ஒரு பூட்டு 1790 முதல் வைக்கப்பட்டிருந்தது. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு. அறுபது ஆண்டுகள் அது திறவாமலே இருந்தது. 1851இல், உலகப் பொருட்காட்சிக்காக இலண்டன் வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் செலவிட்டு அதைத் திறந்துவிட்டார். அண்மைக் காலத்தில், 2012ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், தங்கும் விடுதிகளின் அறைக் கதவுகளில் பரவலாக இருந்த ஒரு மின்னணுப் பூட்டைக் கையடக்கக் கருவி ஒன்றால் ஓர் இளைஞர் திறந்து காட்டினார். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒரு மனிதன் செய்ததை இன்னொரு மனிதன் அவிழ்ப்பான். இணையம் இல்லாத, கதவருகே நின்றால் மட்டும் கைப்பேசியோடு பேசும் பூட்டைத் தேர்ந்தோம்.

எண்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கிலக்க எண்ணாயின் பத்தாயிரம் வகைகளே உண்டு. ஆறிலக்கமாயின் பத்து இலட்சம். ஆனால் நாம்தான் பிறந்த ஆண்டையோ திருமண நாளையோ வைத்துக்கொண்டு கள்வருக்கு உதவுகிறோமே! அன்றியும் ஒரே எண்ணை ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். எந்த நான்கு என்று தெரிந்துவிட்டால், வரிசை 24 வகைதான். சில நிமிட வேலை. எனவே சில தவறான முயற்சிகளுக்குப் பின் சிறிது நேரம் தானே முடங்கிக்கொள்வதும், உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத எண்களைச் சேர்த்து அழுத்த இடந்தருவதுமான பூட்டாகப் பார்த்தோம். நான்கு பேட்டரிகளில் இயங்குவது. அவை தீர்வதற்கு முன் ஒலியெழுப்பி எச்சரிக்கும். அதையும் மீறித் தீர்ந்தால் வெளியே உள்ள துளையில் கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியைச் செருகி உயிர்ப்பிக்கலாம். உள்ளிருந்து வெளியேற மின்சாரமே தேவையில்லை, கைப்பிடியை அழுத்தினால் போதும். முதியோர் உள்ள வீட்டில் இதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்போம்.

விரல்ரேகைக்கு வருவோம். கடைக்காரர் மிகவும் புகழ்ந்தது அதைத்தான். "மறக்கவும் முடியாது, தொலைக்கவும் முடியாது சார்" என்றார். பொருத்தி முடித்த அன்று வீட்டார் ஒவ்வொருவராக விரல் பதித்தோம். எங்கள் இருவருடையதையும் பூட்டு உடனே ஏற்றுக்கொண்டது. அத்தையின் விரலை ஐந்தாறு முறை வைத்தும் ஏற்கவில்லை. முதுமையில் தோல் உலர்ந்து ரேகைகள் மங்கிவிடுகின்றன. பிறகு அக்காவை அழைத்தோம். அவர் தயங்கியபடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "என் கையை ரேசன் கடையிலேயே எடுக்காதுங்க" என்றார். சொன்னது போலவே ஆயிற்று. வலக்கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடக்கை. ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு எரிந்து, மறுத்தது. நாற்பது ஆண்டுகளாகச் சாம்பலும் சவர்க்காரமும் கம்பிநாரும் தேய்த்துத் தேய்த்து அந்த விரல் நுனிகள் கூழாங்கல் போல வழுவழுப்பாகியிருந்தன. எங்கள் வீட்டுப் பாத்திரங்களிலும் அந்த ரேகைகள் கரைந்திருக்கும். அவற்றை அறியாத பூட்டை அந்த வீட்டுக்கே வாங்கி வந்திருக்கிறோம் என்ற நினைப்பில் சற்று நேரம் எங்களால் பேச இயலவில்லை.

"எண் வைத்துக்கொள்ளலாம் அக்கா" என்றோம். "நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றார். "இல்லை, நீங்கள்தான் வைக்க வேண்டும். எங்களுக்கும் சொல்லக் கூடாது" என்று கூறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஆறு முறை மணியோசை கேட்டது. அவர் எந்த எண்ணை வைத்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவர்க்கும் தனி எண் வைப்பதிலும், ஒருவருடையதை மட்டும் நீக்குவதிலும் இந்தப் பூட்டுக்கு நிகரில்லை. பழைய பூட்டில் ஒருவரை விலக்க, பூட்டையே மாற்ற வேண்டியிருந்தது. இப்போது ஒரு பொத்தான் போதும். அவ்வளவு எளிதாகிவிட்டதே என்று அஞ்சவும் செய்கிறோம்.

அத்தைக்குத்தான் உறக்கம் வரவில்லை. விழுந்து கிடந்த நேரத்தில் திறக்கப்படாத கதவை எண்ணி மேல்தாழ்ப்பாளை அகற்றிவிட்டோம். இத்தனை காலம் இரவில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே செபம் சொல்லிப் படுத்தவர் அவர். "கண்ணுக்குத் தெரியாத பூட்டை எப்படி நம்புவது?" என்று கேட்டார். முதல் வாரம் முழுவதும் கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் எவர்சில்வர் குடத்தை விளிம்பில் நிறுத்திவைத்தார். யாரேனும் கதவைத் தள்ளினால் குடம் உருண்டு ஊரையே எழுப்பும். ஒருநாள் அதிகாலையில் நாங்களே அதை மறந்து, பால் எடுக்கப் போகும் அவசரத்தில் நாற்காலியை இடித்துவிட்டோம். ஓசை கேட்டு எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அத்தைக்கு அன்று மனநிறைவு.

எங்களுக்கு வேறு சோதனை வந்தது. யார் எப்போது திறந்தார் என்பதைப் பூட்டுக் குறித்துவைக்கிறது. கதவருகே கைப்பேசியை வைத்தால் பட்டியல் வரும். முதல் வாரம் அதை நாள்தோறும் பார்த்தோம். 6:52, 6:48, 7:15. பார்ப்பதில் ஒரு சுவை இருந்ததை மறைப்பதற்கில்லை. ஒருநாள் மாலை அக்காவிடம், "இன்று காலையில் கொஞ்சம் நேரமாகிவிட்டதோ?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டோம். அன்று காலை நாங்கள் வீட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் எங்களைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தார். 2016இல் தொட்டியிலிருந்து நிமிர்ந்தபோது இருந்த அதே முகம். அன்றிரவே அந்தச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினோம். மகன் கேட்டபோது, "இடம் போதவில்லை" என்றோம். மீண்டும் ஒரு பொய்தான்.

சாவியில்லாப் பூட்டு என்று வாங்கினோமே தவிர, பெட்டிக்குள் இரண்டு சாவிகள் இருந்தன. எல்லாம் பொய்த்துப்போகும் நாளுக்காக, மூடியின் கீழ் மறைவாக ஒரு சாவித் துளையும் வைத்திருக்கிறார்கள். சாவிகளை வீட்டுக்குள்ளேயே பத்திரப்படுத்திவிட்டு வெளியே நிற்கும் அறிவாளிகள் பலர் என்றார் கடைக்காரர். ஒன்றை எங்களிடம் வைத்துக்கொண்டோம். மற்றதை எங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்தபோது, "தொட்டிக்கடியில் வைத்துவிடுங்களேன்" என்று அத்தை சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, அக்கா பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தபோது அந்தச் சாவியை அவரிடம் நீட்டினோம். நீட்டிய கையோடு, சொல்ல வேண்டியதையும் சொல்லத் தொடங்கினோம். பழைய பூட்டுப் பழுதாகவில்லை என்பதையும், மோதிரத்தையும், கம்பளிச் சட்டையையும். பாதி சொல்லும்போதே அவர் குறுக்கிட்டார்.

"மோதிரம் கிடைச்சது எனக்கு அப்பவே தெரியுங்க. மறுபடி விரல்ல போட்டிருந்தீங்களே."

ஆறு ஆண்டுகள் அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நாங்கள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவர் சாவியை வாங்கி, முந்தானை முனையில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "மீன் வாங்கியாச்சா, இல்லே நான் போய்ட்டு வரவா?" என்று கேட்டார்.